உப்பங்கழிக் கரையில் ஒரு பிரமிடு நகரம்: லா கிராந்த்-மோத் பயணக் குறிப்புகள்

வியாழன், இரவு

தெற்குப் பிரான்ஸின் மோன்பெலியேவிலிருந்து கடற்கரைக்குப் போகும் பேருந்து, விமான நிலையத்தைத் தாண்டியதும் உப்பங்கழிகளுக்கு நடுவே ஓடத் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் நாணல், சேறு, ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைகள். தரை அத்தனை தட்டை என்பதால் லா கிராந்த்-மோத் வெகு தொலைவிலேயே தெரிந்துவிடுகிறது. சாய்ந்த தோள்களோடு வரிசையாக வெள்ளைப் பிரமிடுகள். பின்னால் கடல்.

இங்கே வரவேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. காரணம் நான் குடியிருக்கும் ஊர். பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறேன். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் புறநகர்களில் அதுவும் ஒன்று. 1955-இல் தொடங்கி இருபது வருடத்துக்குள் சுமார் 12,000 அடுக்குமாடி வீடுகளை அங்கே கட்டி முடித்தார்கள். நீளநீளமான பெட்டிகள், நேர்நேரான தெருக்கள். 1960-களின் கடைசியில் இந்தக் கடலோர நகரம் எழுந்தபோது, அது பிடிக்காதவர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் ‘கடலோரச் சார்செல்’. திட்டுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார்கள். என் ஊர்ப் பெயரை வசவாக வாங்கிக்கொண்ட நகரம் இன்று எப்படி இருக்கிறது என்று நேரில் பார்த்தே ஆகவேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

தூங்குமுன் கொஞ்சம் வரலாறு. அது இல்லாமல் நாளைக்குப் பார்க்கப்போகிற எதுவும் புரியாது.

பிரான்ஸில் 1936-இல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. 1956-இல் அது மூன்று வாரம் ஆயிற்று. கையில் விடுமுறை, வீட்டில் புதிதாக வாங்கிய சிறிய கார். எங்கே போவது? நீஸ், கான் பக்கமெல்லாம் பணக்காரர்களின் கரை. அதனால் ஜனங்கள் எல்லை தாண்டி ஸ்பெயினுக்குப் போனார்கள், அவர்களோடு பிரெஞ்சுப் பணமும் போயிற்று. அவர்கள் கடந்துபோன, இந்த ஊர் இருக்கும் லாங்குதொக் கரையோ ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு மணலும் சதுப்பும் கொசுவுமாகக் கிடந்தது. ஒரு காலத்தில் மலேரியா இருந்த பகுதி அது. உள்நாட்டுப் பக்கம் திராட்சையைத் தவிர வேறு பயிர் இல்லை. ஒயின் விலை விழுந்தால் வட்டாரமே விழும்.

1963 ஜூன் மாதம் அன்றைய அதிபர் தெ கோலின் அரசு இந்தக் கரைக்கென்றே அமைச்சகங்களுக்கு இடைப்பட்ட ஒரு தனிக் குழுவை அமைத்தது. தலைவர் பியர் ராசின் என்ற மூத்த அரசு அதிகாரி. இன்றும் மக்கள் அதை ‘ராசின் மிஷன்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் குழு செய்த புத்திசாலித்தனமான காரியம், திட்டத்தை வெளியே சொல்லுமுன் நிலத்தைச் சத்தமில்லாமல் வாங்கிப்போட்டது. கடலோரத்தில் ரிசார்ட் வருகிறது என்று ஒரு வார்த்தை கசிந்திருந்தால் மணல்மேட்டுக்குக்கூட தங்கத்தின் விலை ஏறியிருக்கும். வாங்காத நிலத்திலும் தரகர்கள் புகுந்துவிடாதபடி, விற்பனை வந்தால் அரசுக்கே முதல் உரிமை என்று ஒரு சட்டப் பாதுகாப்பும் வைத்துக்கொண்டார்கள். ரியல் எஸ்டேட்காரர்கள் முந்திக்கொண்டு அரசு பின்னால் ஓடுவதையே பார்த்துப் பழகிய நமக்கு இது கிட்டத்தட்ட அதிசயம்.

பிறகு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். சாலை, தண்ணீர், துறைமுகம், மரம், கொசு ஒழிப்பு எல்லாம் அரசின் பொறுப்பு. பக்குவப்படுத்திய மனைகளை வாங்கி வீடு கட்டி விற்பது தனியார் வேலை. ஆனால் எந்த வடிவில் கட்டவேண்டும் என்பதை ஒவ்வொரு ஊருக்கும் நியமிக்கப்பட்ட தலைமைக் கட்டடக் கலைஞர் சொல்வார். லெகாத், பார்க்காரே பக்கம் ழோர்ழ் காந்திலிஸ், காப் தாக்துக்கு ழான் லெ கூத்தர், லா கிராந்த்-மோத்துக்கு ழான் பலாதூர்.

வெள்ளி

காலையில் வெயில் ஏறுமுன் கிளம்பினோம். அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் மெதுவாகத்தான் நடக்க முடியும். தங்கியிருந்த அடுக்ககத்தின் பின்பக்கம் இறங்கினால் நேராகப் பைன் மர நிழல். மண்பாதை, நடுவில் பெஞ்சுகள், வேலியில்லாத தோட்டங்கள். பாதை ஓரிடத்தில் மேலேறிப் பாலமாகிறது. கீழே கார்கள் போகின்றன. மறுபடி இறங்கி மரங்களுக்குள் போகிறது. கடல் தெரிந்ததும் அம்மா நின்றார்.

“இவ்ளோ தூரம் வந்தோமே, ஒரு எடத்துலயாச்சும் ரோட்டைக் கடந்தோமா கண்ணு?”

கடக்கவில்லை. முக்கால் மணி நேர நடையில் ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை. ஊருக்குள்ளேயே நடப்பவர்களுக்குத் தனி வலைப்பின்னல் ஒன்று இருக்கிறது. கார்ச்சாலை அதன் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது. கிராந்த்-மோத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பிரமிடுகளையே பேசுகிறார்கள். முட்டிவலிக்காரர்களும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் நடந்து பார்த்தால் வேறு ஒன்றைச் சொல்வார்கள்.

பிரமிடுகளையும் பார்த்துவிடுவோம். பலாதூர் 1924-இல் துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர், பின்னாளில் பிரதமரான எதுவார் பலாதூரின் உறவினர். பள்ளியில் அவருக்குத் தத்துவம் கற்பித்தவர் தத்துவஞானி ழான் பால் சார்த்ர். தத்துவம் படித்துவிட்டுக் கட்டடக் கலைக்கு வந்தார். மெக்சிகோவில் தெயோதிவாக்கான் பிரமிடுகளைப் பார்த்ததும் பிரேசிலில் கட்டடக் கலைஞர் நீமேயர் கட்டியவையும் அவர் மனதைவிட்டுப் போகவில்லை. மலையே இல்லாத இந்தத் தட்டை நிலத்தில் மலைகளை நிறுத்தத் தீர்மானித்தார்.

அது வெறும் அழகுக்காக அல்ல என்பது துறைமுகத்து ஓரத்தில் நின்றால் உடம்புக்கே தெரிகிறது. இங்கே வடக்கிலிருந்து மிஸ்த்ரால் என்ற காற்று அடிக்கும், கடலிலிருந்தும் காற்று வரும். செங்குத்தான சுவர் காற்றை முட்டித் தள்ளிக் கீழே சுழற்றிவிடும். சரிவான கட்டடம் காற்றை மேலே வழுக்கிவிடுகிறது. பின்னாலுள்ள தோட்டமும் மரமும் பிழைக்கின்றன. மேலே போகப் போக மாடிகள் உள்வாங்குவதால் ஒவ்வொரு வீட்டுக்கும் திறந்த பால்கனி கிடைக்கிறது, ஒருவர் பால்கனி இன்னொருவர் வெயிலை மறைப்பதுமில்லை.

முகப்புகளைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். துறைமுகத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தின் கீழ்த்தள பால்கனியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வார்த்தெடுத்த கான்கிரீட் துண்டுகளைக் கோர்த்து ஒரு திரைபோல நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் பெரிய ஓட்டைகள், ஓரம் மழுங்க வளைந்தவை. விளிம்பில் விரலை ஓட்டினால் உள்ளேயிருக்கும் பொடிக்கற்கள் உறுத்துகின்றன. உப்புக்காற்றில் ஒரு மூலை உதிர்ந்து, பூசிய சிமெண்டின் நிறம் சற்று வேறாக இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அந்த ஓட்டைகள் வழியே வெயில் உள்ளே இறங்கி, நாற்காலியில் படித்துக்கொண்டிருந்த ஒருவரின் மடியில் வட்டவட்டமாக விழுந்தது. தெருவில் போகிற எனக்கு அவர் முகம் தெரியவில்லை, அவருக்குக் கடல் முழுசாகத் தெரியும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இந்தத் திரையின் வடிவம் மாறுகிறது. அலை, முக்கோணம், மீன் செதில் என்று எதையோ நினைவூட்டிக்கொண்டே போகின்றன.

இருப்பதிலேயே பெரியது 1974-இல் முடிந்த ‘கிராந்த் பிரமிட்’. உள்நாட்டுப் பக்கம் 658 மீட்டர் உயரத்தில் பிக் சேன்-லூ என்ற மலை இருக்கிறது. ஒரு பக்கம் நீண்ட சரிவு, மறுபக்கம் செங்குத்து. அந்த வடிவத்தையே இடவலம் மாற்றி இந்தக் கட்டடத்துக்கு வைத்தார் என்கிறார்கள். வானம் தெளிவாயிருந்ததால் இரண்டையும் பார்க்க முடிந்தது. சொன்னது பொருந்தித்தான் வருகிறது.

சனி

துறைமுகத்தருகே பழைய பொருள் சந்தை. ஒரு பெட்டி நிறையத் தபால் அட்டைகள். 1970-களின் தொடக்கத்தில் எடுத்த ஒன்றை வாங்கினேன். அந்தக் காலத்து அட்டைகளுக்கே உரிய அதிக நீல வானம், முன்னால் நிறுத்திய ரெனோ கார்கள், வெள்ளை வெளேரென்று மூன்று பிரமிடுகள். தரை முழுக்க மணல். அந்த மணலில் வரிசையாகக் குச்சிகள் நட்டிருந்தன. கண்ணருகே வைத்துப் பார்த்தபோதுதான் அவை மரக்கன்றுகள் என்று தெரிந்தது.

கடைக்கார அம்மையார் எழுபதைத் தாண்டியவர். “அப்போது இங்கே நிழல் என்றால் கட்டடத்தின் நிழல்தான், மதாம். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கன்றுகளைக் காட்டி ‘இது நம் பேரப்பிள்ளைகளுக்கு’ என்பார். நான் நம்பவில்லை” என்றார்.

அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அதே இடத்தைத் தேடிப்போய் நின்றேன். மூன்று பிரமிடுகளில் இரண்டின் மேல்மாடிகள் மட்டும் தெரிகின்றன. மற்றதெல்லாம் பைன், பிளேன் மரம், வெள்ளைப் பாப்ளர், அரளி. கடலோரம் முழுக்கத் தாமரிஸ்க் புதர்கள், உப்பையும் காற்றையும் முதலில் அவை வாங்கிக்கொள்கின்றன, பின்னால் இருப்பவை நிமிர்ந்து வளர்கின்றன. இந்த உப்பு மணலில் எது பிழைக்கும், எதற்குப் பின்னால் எதை நட்டால் காற்று அடங்கும் என்று நிலத்தோற்றக் கலைஞர் பியர் பிலே பலாதூருடன் சேர்ந்து கணக்குப் போட்டார். இன்று ஊரின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பச்சை. 1968 கோடையில் முதல் விடுமுறைக்காரர்கள் வந்தபோது பார்த்தது கான்கிரீட்டையும் குச்சிகளையும்தான். ‘கடலோரச் சார்செல்’ என்று சொன்னவர்களும் அதைப் பார்த்துத்தான் சொன்னார்கள். 2010-இல் பிரெஞ்சுக் கலாசார அமைச்சகம் ஒரு கட்டடத்துக்கல்ல, ஊர் முழுவதற்குமே ‘இருபதாம் நூற்றாண்டின் பாரம்பரியம்’ என்ற முத்திரையைக் கொடுத்தது.

இதில் எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு ஆற்றாமையும் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். சார்செல்லும் இதுவும் ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம், ஒரே கான்கிரீட். முன்வார்ப்புத் துண்டுகளைக் கிரேனால் தூக்கிக் கோர்க்கும் அதே தொழில்நுட்பம். இங்கே காற்று எங்கிருந்து வரும், மதிய வெயில் எங்கே விழும், கிழவி எந்த வழியாக நடப்பாள் என்று ஒருவரை உட்கார வைத்து யோசிக்கச் சொன்னார்கள். அவர் ஏறத்தாழ முப்பது வருடம் இந்த ஊரை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டார். வருடத்தில் மூன்று வாரம் வந்து தங்குகிறவர்களுக்காக இதைச் செய்ய முடிந்த அரசுக்கு, வருடம் முழுக்க வாழ்கிறவர்களுக்காக அதே அக்கறையைக் காட்டப் பணம் இல்லாமல் போகவில்லை, நிச்சயமாக. எங்கள் பக்கத்தில் வீடு அவசரம், எண்ணிக்கை முக்கியம் என்பார்கள். குடிசைகளில் இருந்தவர்களுக்கு அந்த வீடுகள் பெரிய விடுதலை என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒரு பால்கனியைக் கொஞ்சம் உள்வாங்கிக் கட்டுவதற்கு எவ்வளவு கூடுதல் நேரம் ஆகியிருக்கும் என்று இன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மாலையில் மேற்குப் பக்கம் போனோம், ‘கூஷான்’ பகுதி. கிழக்கே கோணங்கள் என்றால் இங்கே எல்லாம் வளைவு. கடலைப் பார்த்துக் கைவிரித்த சங்குபோல அரைவட்டக் கட்டடங்கள். கிழக்கை ஆணாகவும் மேற்கைப் பெண்ணாகவும் பலாதூர் நினைத்து வடிவமைத்தார். அந்தப் பிரிவினை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் வளைவுக்குள் உட்கார்ந்தால் காற்று சுத்தமாக நின்றுவிடுகிறது. அம்மா அங்கேயே சால்வையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சூரியன் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. பலாதூர் வடிவமைத்த சேன்-ஒகுஸ்தேன் தேவாலயத்தையும் வழியில் வெளியிலிருந்து பார்த்தோம்.

குறை இல்லாமல் இல்லை. ஊரின் நிரந்தர மக்கள்தொகை 9,000-க்குள். கோடையில் ஒரு லட்சத்தைத் தாண்டும். வீடுகளில் பெரும்பாலானவை எங்கோ இருப்பவர்களின் இரண்டாம் வீடுகள். ஜூன் ஆரம்பத்திலும் பல மாடிகளில் ஷட்டர் இறங்கியே இருக்கிறது. சாதாரணக் குடும்பங்களின் விடுமுறைக்காகக் கட்டியது என்பார்கள், தரகர் அலுவலகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைகளைப் பார்த்தால் சாதாரணக் குடும்பம் அந்தத் தெருவில் நடக்கலாம், வாங்க முடியாது. ஓட்டல்களில் தட்டு எடுக்கிற பிள்ளைகள் வேறு ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து போகிறார்கள்.

ஞாயிறு

பேருந்தில் எக்-மோர்த். பக்கத்திலேயே இருக்கிறது, அதுவும் திட்டமிட்ட ஊர்தான். வயது மட்டும் எழுநூறு வருடம் அதிகம். மத்தியதரைக் கடலில் தனக்கென்று துறைமுகம் இல்லாத பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி, 1240-களில் இதே சதுப்பில் ஊரைத் தொடங்கினார். 1248-இலும் 1270-இலும் சிலுவைப் போருக்குக் கப்பலேறியது இங்கிருந்துதான். இரண்டாவது முறை துனிஸில் இறந்துபோனார். மதில்களை அவர் மகன் தொடங்கிப் பேரன் முடித்தார். 1.6 கிலோமீட்டர் சுற்றளவு, உள்ளே கட்டம் போட்ட தெருக்கள்.

அங்கேயும் ஆட்கள் குடியேறவேண்டும் என்பதற்காக மன்னர் வரிச்சலுகை கொடுத்து அழைக்கவேண்டியிருந்தது. கொசுவும் காய்ச்சலும் உள்ள இடத்துக்கு யார் வருவார்கள்? பிறகு மணல் தன் வேலையைக் காட்டியது. கால்வாய்கள் தூர்ந்தன, துறைமுகம் செத்தது. எஞ்சியது உப்பு. மதில்மேல் நின்றால் தெற்கே இளஞ்சிவப்பாக உப்பளங்களும் வெள்ளையாக உப்புக் குவியல்களும் தெரிகின்றன. அந்தச் சிவப்பு, உவர்நீரில் வாழும் ஒரு நுண்பாசியால் வருவது. பூநாரைக்குச் சிவப்பு வருவதும் அந்தப் பாசியைத் தின்னும் இறால்களால்.

இந்த உப்பளங்களில் 1893 ஆகஸ்டில் இத்தாலியக் கூலித் தொழிலாளர்களை உள்ளூர்க் கூட்டம் அடித்துக் கொன்றது. வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்ற ஆத்திரம். விசாரணை நடந்து, குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் விடுதலையானார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் கதை என்பதால் அதைப் படித்த பிறகு ஊரைச் சுற்றிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் மட்டும் ஏறினேன். புராட்டஸ்டன்ட் நம்பிக்கையைக் கைவிட மறுத்த மரி துய்ரான் என்ற பெண் 1730-இலிருந்து 38 வருடம் அடைபட்டிருந்த அறை அங்கே இருக்கிறது.

திங்கள்

மாலையில் மோன்பெலியேவில் ரயில். காலையில் ஊருக்கு மேற்கே கிராந்த் திராவேர் கடற்கரைக்குப் போனோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. இங்கே கட்டடமே இல்லை, அதுவும் திட்டத்தில் உள்ளதுதான். புதிய ஊர்களுக்கிடையே நீண்ட வெற்றிடங்களை விடவேண்டும், நீஸ் பக்கம்போலக் கரை முழுக்க ஒரே சுவராகிவிடக் கூடாது என்று ராசின் குழு ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தது. ஊருக்குக் கிழக்கே உள்ள போனான் ஏரியோ இதற்கு நேர்மாறு, இயற்கை அல்ல, ஊரை உயர்த்த மணல் தோண்டிய பள்ளம். இப்போது அதில் பாய்மரப் பலகை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். கொசு ஒழிப்புக்கு ஒரு காலத்தில் சதுப்பு முழுக்க இரசாயனம் தெளித்தார்கள். இன்று கொசுப்புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியாவைப் பயன்படுத்துகிறார்கள். அன்று அதற்குப் பறவைகளும் பூச்சிகளும் கொடுத்த விலையையும் இந்த ஊரின் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

கடல் இப்போது இந்தக் கரையைத் தின்கிறது. துறைமுகச் சுவர்கள் மணல் ஓட்டத்தைத் தடுக்கின்றன, ஆறுகளும் முன்போல மணல் கொண்டுவருவதில்லை. 2008 வாக்கில் எஸ்பிகெத் முனையில் குவிந்திருந்த மணலில் சுமார் 10 லட்சம் கன மீட்டரை அள்ளி இந்த வளைகுடாவின் கடற்கரைகளில் கொட்டினார்கள். பிறகு இந்தத் திட்டில் கடலை ஒட்டி ஓடிய கார்ச்சாலையையே பெயர்த்தெடுத்து, போக்குவரத்தை உப்பங்கழிப் பக்கம் தள்ளிவிட்டு, மணல்மேட்டைத் திரும்ப வளரவிட்டிருக்கிறார்கள். கஷ்கொட்டைக் கழிகளைக் கம்பியில் கோர்த்த முழங்கால் உயர வேலிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. காற்றில் வரும் மணல் அதில் தட்டி நின்று மேடாகிறது. சில இடங்களில் வேலி பாதிக்கு மேல் புதைந்து, அதன்மேல் புல் முளைத்துவிட்டது.

ஊரில் அடுத்த திட்டம் பற்றிய பலகையைத் துறைமுகத்தில் பார்த்தோம்: துறைமுகத்தை விரிவாக்கி, பக்கத்தில் புதிய வீடுகள். வருடம் முழுக்க ஆட்கள் குடியிருக்கும் ஊராக இதை மாற்றவேண்டும் என்பது நோக்கம். எனக்கு ஆட்சேபம் இல்லை, அந்த வீடுகளில் ஒரு பங்காவது தட்டு எடுக்கிற பிள்ளைகளுக்குப் போனால். அம்மா பலகையில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, வரைந்த மரங்கள் எல்லாம் இப்பவே பெரிசா இருக்கே, நடப்போறது கன்னுதானே என்றார். நான் பலகையைப் படமெடுத்துக்கொண்டேன். சார்செல்லில் எங்கள் தொகுதியைப் புதுப்பிப்பது பற்றி அடுத்த மாதம் குடியிருப்போர் கூட்டம் இருக்கிறது. பால்கனிகளின் படங்களையும், நடைபாதை கார்ச்சாலைக்கு மேலே போகும் படத்தையும், அந்தத் தபால் அட்டையையும் சேர்த்து அங்கே மேசையில் வைக்கப் போகிறேன்.